மேல்வரிசைப் பற்களின் உள்பக்கம்

பாளையங்கோட்டையில் பல் கிளினிக் வைத்து 18 வருடம் ஆகிறது. சுற்றிலும் பள்ளிக்கூடம், கல்லூரி, லேடீஸ் ஹாஸ்டல் என்று இருப்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்கிற பிள்ளைகள்தான். கம்பி போட வருவார்கள், சொத்தை அடைக்க வருவார்கள், பரீட்சைக்கு முந்தின நாள் கடவாய்ப்பல் வலிக்கிறது என்று அழுதுகொண்டு வருவார்கள். இவர்களுடைய சாப்பாட்டுக்கும் மனசுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் ரொம்ப காலம் இருந்தேன். அளவில்லாமல் தின்றுவிட்டு, எடை கூடிவிடும் என்ற பயத்தில் வாந்தி எடுக்க வைக்கிற புலிமியா என்ற நோய் வந்தவர்களின் பல் எப்படித் தேயும் என்று படிக்கிற காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், பரீட்சையிலும் எழுதினேன், அதோடு மறந்துபோனது. சொதியும் உளுந்தங்களியும் சாப்பிடுகிற நம்ம ஊரில் அதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைப்பு.

அந்த நினைப்பை மாற்றிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் படிக்கும்போதே சொத்தைக்கு என்னிடம் வந்தவள். அப்போது கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். 19 வயதில், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு வந்தாள். பல் கூசுகிறது, ஐஸ் தண்ணீர்கூட வேண்டாம், பானைத் தண்ணீரையே வாயில் வைக்க முடியவில்லை என்றாள். உள்ளே நுழைந்ததும் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் அக்கா, "ஏட்டி, ஆளே தெரியலியே, அழகா மெலிஞ்சிட்டியே" என்றார். நானும் "ஆமா, நல்லாருக்கே" என்றேன். அவள் வாயை மூடியபடியே சிரித்தாள்.

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். பல்லைப் பார்த்தேன், எனாமல் தேய்ந்திருந்தது. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பியா என்று கேட்டேன். ஆமா டாக்டர், தேன் ஊற்றிக் குடிப்பேன் என்று உடனே சொன்னாள். சரி, காரணம் கிடைத்துவிட்டது. அதை நிறுத்து, கூச்சத்துக்கு இந்தப் பேஸ்ட், அடுத்த ஆள். அவள் அம்மா மட்டும் போகும்போது, "ஒழுங்கா சாப்பிடவே மாட்டுக்கா டாக்டரம்மா, கேட்டா டயட்டுங்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் நான் காதில் வாங்கவில்லை.

ஏழு மாதம் கழித்துத் தனியாக வந்தாள். அன்று கிளினிக்கில் கூட்டம் இல்லை. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல்வரிசை முன்பற்களின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அண்ணத்தைப் பார்த்த பக்கம் முழுக்க வழுவழுவென்று, எனாமல் போய் உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிந்தது. கடவாய்ப்பல்லில் நான் முன்பு அடைத்த ஃபில்லிங் மட்டும் அப்படியே நிற்க, சுற்றி இருந்த பல் கரைந்து கீழே இறங்கியிருந்தது, ஆற்றில் தண்ணீர் வற்றினால் பாறை தலைதூக்கி நிற்குமே, அந்த மாதிரி. கீழ்வரிசைப் பற்களுக்கு அவ்வளவு சேதம் இல்லை.

எலுமிச்சைச் சாறு, சோடா, சர்பத் என்று வெளியிலிருந்து போகிற புளிப்பு பெரும்பாலும் முன்பற்களின் வெளிப்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். உள்ளேயிருந்து மேலே வருகிற புளிப்பு மேல்வரிசையின் உள்பக்கத்தில் போய் அடிக்கும், கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக்கொள்ளும். புளிப்பை அளக்கிற பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம். வயிற்று அமிலத்தின் பிஎச் 1-லிருந்து 2 வரை இருக்கும், 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரைய ஆரம்பித்துவிடும். முதல் தடவையே நான் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் இது தெரிந்திருக்கும். திருப்பவில்லை. ஏழு மாதம் அந்தப் பிள்ளைக்கு அப்படியே போனது.

சரி, இப்போது எப்படிக் கேட்பது? இப்படித் தேய்ந்தாலே புலிமியாதான் என்று சொல்லிவிடவும் முடியாது. எதுக்களிப்பு இருக்கிறவர்களுக்கும் தேயும், மசக்கையில் மாதக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களுக்கும் தேயும். அக்காவை வெளியே போய் டீ வாங்கிவரச் சொன்னேன். கையுறையைக் கழற்றினேன். "இந்த மாதிரி தேய்றதுக்கு வயித்துப் புளிப்பு மேல வர்றது ஒரு காரணம். உனக்கு அடிக்கடி வாந்தி வருதாம்மா? தானா வருதா, இல்ல நீயா எடுக்கியா?" என்று, பல் தேய்க்கிறாயா என்று கேட்கிற குரலிலேயே கேட்டேன். சேரில் மல்லாந்து படுத்திருந்தாள். பதில் வரவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போனது. பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நானா எடுக்கேன் டாக்டர்" என்றாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். "அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்கள்லா, ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. அதான் விட மனசு வரல." இன்றைக்கு வரைக்கும் அந்த வாக்கியம் எனக்குள் கிடக்கிறது.

ஆரம்பம் எங்கே என்று மெல்ல மெல்லச் சொன்னாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள். நம்ம பக்கத்தில் அன்றைக்கு ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிற சொந்தமெல்லாம் ஒரே மரத்தடியில் கூடும், பொங்கல் வேகிற நேரத்தில் பேச்சு முழுக்க யார் ஊதிவிட்டார்கள், யார் வற்றிவிட்டார்கள் என்பதுதான். மும்பையிலிருந்து வந்த சித்தப்பா, "பின்னால இருந்து பாத்து உங்கம்மைன்னுல்லா நெனச்சேன்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவர் அதை அன்று மத்தியானமே மறந்திருப்பார். அவளுக்கு மூன்று வருடம் கழித்தும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது, யார் யார் சிரித்தார்கள் என்பது உட்பட.

முதலில் காலைச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை. ஒரு நாள் வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட அதிரசம், முறுக்கு அத்தனையையும் நிறுத்த முடியாமல் ஒரே மூச்சில் தின்றுவிட்டாள், பயத்தில் வாந்தி எடுத்தாள், மறுநாள் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தாள். தனக்குக் கட்டுப்பாடே இல்லை, நாக்குக்கு அடிமை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பட்டினி போட்ட உடம்பு செய்கிற வேலை அது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. 1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார். எல்லாரும் நல்ல ஆரோக்கியமானவர்கள், தாங்களே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைவயிறு சாப்பாடு. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள். ஆய்வு முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் சிலர் வயிறு வெடிக்கிற அளவுக்குத் தின்றும் அடங்காமல் தவித்தார்கள். அவர்கள் யாரும் மெலிய ஆசைப்பட்டவர்கள் இல்லை. இதை அவளிடம் சொன்னபோது எழுந்து உட்கார்ந்து, "ஆம்பிளைங்களா டாக்டர்? எல்லாருக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இன்னொன்றும் சொன்னேன். எவ்வளவு குறைத்தாலும் கன்னம் மட்டும் குண்டாகவே இருக்கிறது, போட்டோவில் முகம் பூசணிக்காய் மாதிரி வருகிறது, அதனால்தான் இன்னும் குறைக்கிறேன் என்றாள். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். எச்சில் சுரப்பிகள் வீங்கியிருந்தன. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அது வீங்கும், முகம் உப்பினாற்போல் தெரியும். அவள் கண்ணாடியில் பார்த்து வெறுத்த கொழுப்பு, கொழுப்பே இல்லை. அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் அவள் மறுபடியும் மறுபடியும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பைப் பற்றி மனசுக்குள் இருக்கிற படமும் உடம்பும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்று நான் விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் இந்த மாதிரி நோய் என்று நாம் நினைக்கிறோம். குண்டாகிவிடுவோம் என்று பயந்து சாப்பாட்டையே ஒதுக்குகிற அனோரெக்ஸியாவில் பெரும்பாலும் அப்படி இருக்கும். புலிமியாவில் நிறையப் பேர் சராசரி எடையில்தான் இருப்பார்கள், பெற்ற அம்மாவுக்கே தெரியாது. லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1979-ல் 30 நோயாளிகளைப் பற்றி எழுதித்தான் இந்த நோய்க்கே தனிப் பெயர் வந்தது. கைவிரல் முட்டியில் பல் பட்டுப் பட்டு வருகிற தழும்புக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவளுடைய வலது கையில் அது இருந்தது. எண்ணெய் தெறித்த காயம் என்று ஹாஸ்டலில் சொல்லி வைத்திருந்தாள்.

நம்ம பக்கத்தில் பூசினாற்போல் இருப்பதுதான் ஒரு காலத்தில் அழகு. பெண்பிள்ளை பெரியவளானால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, இடுப்புக்குப் பலம் என்று ஆச்சிமார் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார்கள். ஃபிஜி தீவிலும் அப்படித்தானாம், உடம்பு வைத்திருப்பது நன்றாகக் கவனிக்கப்படுவதன் அடையாளம். அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த வருடம் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தபோது உடம்பைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. மறுபடி 1998-ல் விசாரித்தபோது 11 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றே வருடம். நம் பிள்ளைகள் கையில் இருக்கிற போனை நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் போன்மேல் போட எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் மரத்தடியில் சிரித்ததும் கிளினிக்கில் "நல்லாருக்கே" என்றதும் போன் இல்லை.

பையன்களும் வருகிறார்கள். ஜிம்முக்குப் போயும் கை இன்னும் குச்சியாகத்தான் இருக்கிறது என்று, டிசர்ட்டுக்குள் நல்ல உருண்ட கையோடு சொன்ன ஒரு பையனும் என் சேரில் படுத்திருக்கிறான். கம்பி போட்ட முதல் மாதம் சாப்பிட முடியாமல் எடை குறைந்ததால், இன்னும் ஆறு மாதம் கழற்ற வேண்டாம் டாக்டர் என்று கேட்ட பெண்ணும் உண்டு.

அன்றைக்கு நான் செய்தது கொஞ்சம்தான். வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்காதே, இளகியிருக்கிற எனாமலை பிரஷ் வழித்துவிடும், தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கலந்து கொப்பளி, ஒரு மணி நேரம் கழித்துத் தேய் என்றேன். எடுக்காதே என்று திட்டவில்லை. தெரிந்த ஒரு மனநல மருத்துவரிடம் அங்கிருந்தே போனில் பேசினேன். அவர் முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், பொட்டாசியம் குறைந்திருந்தது. அது ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்து, பல்லெல்லாம் அப்புறம்தான். நல்லவேளை, மாத்திரையில் சரியாகிற அளவில் இருந்தது. அம்மாவிடம் அவளே சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். "இதெல்லாம் ஒரு சீக்கா டாக்டரம்மா, வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா" என்று முதலில் அழுதார். மறுவாரம் சிகிச்சைக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார்.

சிகிச்சையில் முதலில் சொன்னது பசிக்காவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டும் என்பது. பட்டினி நின்றால்தான் அந்த வெறிச் சாப்பாடு நிற்கும். கேட்க எளிதாக இருக்கிறது, அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது, நடுவில் இரண்டு தடவை பழையபடி ஆனது.

கிளினிக்கில் இப்போது யாரிடமும் மெலிந்தாய், பெருத்தாய் என்று பேசுவதில்லை. அக்காவுக்குத்தான் கஷ்டம், பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஆளை விசாரித்துப் பழக்கம். இப்போது "வாட்டி, பஸ்ஸுல எடம் கெடச்சுதா?" என்று கேட்கிறார். பல்லின் உள்பக்கம் அப்படித் தேய்ந்து வருகிறவர்களைத் தனியாக வைத்துக் கேட்கிறேன். வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறேன், அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவாள், ஒவ்வொரு தடவையும் மேல்வரிசையின் உள்பக்கத்தைப் படம் எடுத்து வைப்பேன். போன பங்குனி உத்திரம் கழிந்த வாரம் வந்தாள். கோயிலில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படத்தை எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். பல்லின் விளிம்பு போன வருடம் இருந்த இடத்திலேயே இருந்தது.