பண்ணவாடியில் வற்றம் பார்த்த கதை

மேட்டூர் அணை நிலவரம் படிக்காமல் எங்கள் வீட்டில் யாரும் பேப்பரை மடிப்பதில்லை. டெல்டாவில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. இருந்தாலும் காலை எட்டு மணி நிலவரப்படி நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை என்று அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும். சேலத்தில் நிறைய வீடுகளில் இப்படித்தான்.

2024 மே மாதம் பிரிஸ்பேனிலிருந்து மாமா பையன் விடுமுறைக்கு வந்திருந்தான். மீன்பிடிப் பைத்தியம். துணிமணிக்கு ஒரு பெட்டி, தூண்டில் சாமான்களுக்கு இரண்டு பெட்டி. வெயில் நூறு டிகிரியைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்த நேரம். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏற்காடு கூட்டிட்டுப் போகலையா?" என்றுதான் கேட்டார்கள். ஏற்காடு ஏரியில் படகு விடுவார்கள், கரையில் மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். இவனுக்கு அது போதாது. தண்ணீரில் இறங்கி நின்று லூர் (மீன், இறால் மாதிரி செய்த பொய் இரை) வீச வேண்டும். அவன் பழகியது அப்படி. அதனால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பண்ணவாடிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவன் மீன் பிடிப்பது பிரிஸ்பேனை ஒட்டிய மோர்ட்டன் விரிகுடாவின் மணல் திட்டுகளில். கடல் ஓதம் ஏறும்போது முழங்கால் அளவு தண்ணீர் பரவும், வற்றும்போது மைல் கணக்கில் வெறும் மணல். அங்கே அவன் தேடுவது இரண்டு மீன்கள். ஒன்று நம் ஊர்க் கிழங்கானின் சொந்தக்கார மீன், அங்கே சாண்ட் வைட்டிங் என்பார்கள். இன்னொன்று டஸ்கி ஃபிளாட்ஹெட்: தட்டையான தலை, தலைக்கு மேலே கண், மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்து, பக்கத்தில் வரும் குஞ்சு மீனையும் இறாலையும் லபக்கென்று விழுங்குகிற ஜாதி.

மேச்சேரி வரைக்கும் காரில் இதே பேச்சுதான். கிழங்கானுக்குச் சின்ன வாய், கீழ்ப்பக்கம் பார்த்த வாய். மணலைக் கிளறிப் புழுவும் சேற்று இறாலும் தின்கிற மீன். அது மேல்மட்டத்தில் மிதக்கிற லூரைத் துரத்தும் என்று சொன்னால் நம் கடற்கரைத் தூண்டில்காரர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை. துரத்துகிறதாம். வெயில் காலத்தில், காற்று லேசாக அலை எழுப்புகிற ஆழமில்லாத தண்ணீரில், விரல் நீள பாப்பரை, அதாவது அந்த மிதக்கிற லூரை, விடாமல் இழுத்துக்கொண்டே வந்தால், தத்தித் தத்தித் தப்பி ஓடுகிற இறால் என்று நினைத்துக் கூட்டமாகப் பின்னால் வருமாம்.

"நிறுத்தவே கூடாது மச்சான். மத்த மீனுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி இழுக்கணும். இது நிறுத்தினா திரும்பிப் போயிடும்."

ஃபிளாட்ஹெட்டுக்கு நேர் எதிர். மூன்றரை கிராம் ஜிக் ஹெட்டில் (தலையில் ஈயக் குண்டு வைத்த கொக்கி) மூன்று அங்குல ரப்பர் மீனை மாட்டி, அடிமணலைத் தொடவிட்டு, தூண்டில் ராடை ஒரு சுண்டு சுண்டி, மறுபடி கீழே விழவிட வேண்டும். மணல் புகைந்து எழும். விழும்போதுதான் கடிக்கும். குயின்ஸ்லாந்தில் 40 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 75-க்கு மேலே போனதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய மீன்கள் எல்லாம் பெட்டை, முட்டையிடுகிறவை, அதனால் விட்டுவிட வேண்டும். இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் பெரிய மீன் கிடைத்தால் தூக்கிப் பிடித்து ஃபோட்டோ எடுத்துவிட்டு நேரே குழம்புக்குத்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவன் மீனைத் தேடுகிற முறை. தண்ணீர் முழுதாக வற்றின பிறகு, தூண்டிலே இல்லாமல், திட்டில் நடப்பானாம். ஃபிளாட்ஹெட் படுத்திருந்த இடத்தில் அதன் உடம்பு அச்சு மணலில் அப்படியே பதிந்திருக்கும். எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது என்பதுகூடத் தெரியும். வற்றுகிற தண்ணீர் சின்னச் சின்ன வாய்க்காலாக வடிகிற இடங்களில் அச்சு அதிகம். குஞ்சு மீன்கள் வேறு வழியில்லாமல் அந்த வழியாகத்தான் ஆழத்துக்கு வந்தாக வேண்டும், வாசலில் இது காத்துக் கிடக்கும். அடுத்த வற்றத்துக்கு அங்கே போய் நின்றால் போதும்.

அதற்கு அவனுக்கு ஓத அட்டவணை வேண்டும், ஃபோனில் வைத்திருக்கிறான். அப்போதுதான் சொன்னேன், எங்களிடமும் ஒன்று இருக்கிறது, தினமும் பேப்பரில் வருகிறது என்று. கடலில் சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவது மேட்டூரில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வழக்கமாக ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறந்தால் ஜனவரி 28 வரை பாசனத்துக்குப் போகும். ஏறுவது கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்கிறதைப் பொறுத்தது. சில வருஷம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2023-ல் ஜூன் 12 அன்று திறந்துவிட்டு, தண்ணீர் 30 அடிக்கு இறங்கி, அக்டோபர் 10-ம் தேதியே மூடினார்கள். நாங்கள் போய் இரண்டு மாதம் கழித்து நடந்ததோ தலைகீழ்: ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த அணை ஜூலை 30 அன்று 120 அடி, முழுக் கொள்ளளவு. நாங்கள் நடந்த இடமெல்லாம் ஆள் மட்டத்துக்கு எத்தனையோ மடங்கு கீழே போய்விட்டது.

சேலத்திலிருந்து மேட்டூர் சுமார் 50 கிலோமீட்டர். ஓமலூர், மேச்சேரி வழி. மேச்சேரியில் பத்ரகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, ஒரு டீ. மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர் பக்கம் திரும்பினால் பண்ணவாடி. பரிசல் துறை. எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை. சாலை வழியே சுற்றிப் போக நேரமில்லாதவர்கள் அக்கரைக்குப் பரிசலில்தான் போகிறார்கள்.

அணையில் மீன்வளத் துறை உரிமம் பெற்ற மீனவர்கள்தான் மீன் பிடிக்கிறார்கள். நாம் பாட்டுக்கு ராடைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது சரியில்லை. அதனால் உரிமம் உள்ள ஒரு பரிசல்கார அண்ணனிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். கிடைக்கிற மீன் அவருக்கு, எங்களுக்கு வீசுகிற சந்தோஷம் என்று ஒப்பந்தம். லூர்களை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்தார். "இதுல மீனு கடிக்குமா தம்பி? ஒரு நாத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல."

கரை என்று ஒன்றும் இல்லை. ஊர் முடிகிற இடத்திலிருந்து தண்ணீர் தொடங்குகிற இடம் வரைக்கும் வெடித்த சேற்றுப் பரப்பு. தண்ணீர் இறங்க இறங்கப் பின்னாலேயே போய் உழுது சோளமும் எள்ளும் போடுவார்கள்; சில துண்டுகளில் தாள் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, முழுதாக வெளியே. 1925-ல் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்து தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது. கொஞ்சம் தள்ளி இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம். நந்திக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள். அதன் நிழலில் இரண்டு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது.

மாமா பையன் நந்தியைப் பார்க்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தான். திடீரென்று உட்கார்ந்துவிட்டான். சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, வரிசை வரிசையாக. மேலே இருந்தவை காய்ந்து வெடித்திருந்தன, விளிம்பில் இருந்தவற்றில் தண்ணீர் தேங்கி நின்றது. "யார் மச்சான் இதைத் தோண்டினது?"

ஜிலேபி. ஆண் ஜிலேபி வாலையும் வாயையும் வைத்து அடிச்சேற்றில் குழி பறிக்கும், பெட்டை வந்து முட்டை போட்டு அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும், குஞ்சு பொரிகிற வரை வாயிலேயே வைத்திருக்கும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் இப்போது இல்லாத குளம் கிடையாது. அவனுக்கு இந்த விவரமெல்லாம் இரண்டாம் பட்சம். காய்ந்த குழி வரிசை எந்தக் கோட்டில் போகிறது என்று பார்த்து, அதே கோட்டைத் தண்ணீருக்குள் நீட்டிக் கையைக் காட்டினான். "இப்போ இருக்கிற குழியெல்லாம் அங்க இருக்கும். குஞ்சும் அங்கதான் இருக்கும். அப்போ அதைத் தின்கிறவனும் அங்கதான்."

பரிசல்கார அண்ணன் முதன்முறையாக அவனை மரியாதையோடு பார்த்தார். அவருக்கு இது தெரியாததா என்ன, வலையே அந்தக் கோட்டில்தான் விடுகிறார். வெளிநாட்டுக்காரன் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தானே என்பதுதான்.

இறங்கினோம். மோர்ட்டன் விரிகுடாவில் திருக்கை முள் குத்தாமலிருக்கக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டுமாம். இங்கே சீமைக்கருவேல முள்ளுக்கும் உடைந்த பாட்டிலுக்கும் பயந்து அதே நடை. பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போவது நல்லது. மேலே காய்ந்தாற்போல் இருக்கிற சேறு உள்ளே கொழகொழவென்று இருக்கும். அண்ணன் காட்டின இடத்தைத் தவிர வேறு எங்கும் கால் வைக்கவில்லை. சில வருஷங்களில் இந்தப் பக்கமெல்லாம் பச்சைப் பாசி படர்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு நாறும். நாங்கள் அன்று தப்பித்தோம்.

பாப்பர் வேலைக்கு ஆகவில்லை. விடாமல் இழுத்தான், நிறுத்தி இழுத்தான், கறுத்த ஆண் ஜிலேபிகள் பின்னால் வந்து முறைத்துவிட்டுத் தங்கள் குழிக்குத் திரும்பின. மேலே தத்துகிற இறாலைத் துரத்திப் பழகின மீன் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

ரப்பர் மீனை மாற்றிப் போட்டதும் கதை மாறியது. குழிகளுக்கு இடையே விழவிட்டு, சுண்டி, மறுபடி விழவிட்டான். ராட் முனை டக்கென்று தட்டியது. வந்தது ஒரு சாண் நீளத்துக்கு, மணல் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு, தலை சப்பையாக, கீழ்த்தாடை நீண்ட மீன். "ஃபிளாட்ஹெட் குட்டி!" என்று கத்தினான்.

"உளுவைங்க" என்றார் அண்ணன்.

உளுவைக்கும் ஃபிளாட்ஹெட்டுக்கும் உறவு கிடையாது, குடும்பமே வேறு. ஆனால் மணலோடு மணலாகப் படுத்திருந்து எகிறிப் பிடிக்கிற தொழில் ஒன்று. அதனால் உடம்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. கழிமுகத்திலும் இருக்கும், ஆறு குளத்திலும் இருக்கும். அதன் பிறகு உளுவையாக வந்துகொண்டிருந்தது. நானும் சில பிடித்தேன். லேசான ராடில் ஒரு சாண் மீனே சுவாரசியமாகத்தான் இருக்கிறது. சின்னதை எல்லாம் அவன் பழக்கதோஷத்தில் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "பிடிச்ச மீனைத் திருப்பி விடறதுக்கா சேலத்துல இருந்து பெட்ரோல் போட்டுட்டு வந்தீங்க?" கிடைப்பது அவருக்கு என்பதுதானே ஒப்பந்தம். அதற்கப்புறம் எல்லாம் வாளிக்குப் போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் பரிசலில் ஏற்றி வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போனார். துடுப்பைக் கீழே விட்டுத் தட்டிக் காட்டினார், கல் சத்தம். பழைய வயல் வரப்பு, கல் அடுக்கிக் கட்டினது. "எங்க தாத்தா ஊரு இதுக்குள்ளதான் இருக்குது. இந்த வரப்பு எங்க போயி எங்க திரும்பும்னு எல்லாம் எங்களுக்குத் தெரியும்." வரப்புக்கு ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் துடுப்புக்கு எட்டவில்லை. மாமா பையன் மணல் திட்டில் தேடுகிற விளிம்பும் இதுவேதான். அங்கே ஓதம் போடுகிறது, இங்கே எந்த உழவரோ எந்தக் காலத்திலோ போட்டு வைத்திருக்கிறார்.

பெரிய ரப்பர் மீனை வரப்பு ஓரமாகச் சரியவிட்டான். ராட் வளைந்தது வளைந்தபடியே இருந்தது. ரீல் கத்த, பரிசல் மெல்லச் சுற்ற, நான் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒருமுறை மேலே புரண்டது: வெள்ளி நிறம், நீள உடம்பு, அகன்ற வாய், மீசை. வாளை. அடுத்த இழுப்பில் லீடர், அதாவது கொக்கிக்கு முன்னால் கட்டுகிற நரம்பு, அறுந்துவிட்டது. வாளைக்கு வாய் நிறையப் பொடிப் பல், மெல்லிய லீடர் எம்மாத்திரம். இந்த மீன் இப்போது அழியும் அபாயமுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது என்பதால் போனதில் எனக்கு வருத்தமில்லை. மற்ற இருவருக்கும் இருந்தது, ஆளுக்கொரு காரணத்துக்காக.

இரவு அண்ணன் வீட்டில் சாப்பாடு. அக்கா உளுவையை மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு மட்டும் போட்டுக் கல்லில் வறுத்து வைத்தார், கூடக் களியும் மீன் குழம்பும். கிழங்கான் வறுவலுக்குப் பக்கத்தில்கூட வராது என்றேன் நான். எலும்பு குறைவு, சதை இனிப்பு, இது மேல் என்றான் அவன். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை இருவரும். வருகிறவர்கள் இருட்டுவதற்குள் பரிசலை விட்டு இறங்கிவிடுங்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், தண்ணீர் பாட்டில் நிறைய எடுத்துப் போங்கள். மே மாத வெயிலுக்கு அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது.

கிளம்பும்போது மிச்சமிருந்த ரப்பர் மீன்களை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தான். ஒரு வாரம் கழித்து எனக்கு ஃபோன். ராடெல்லாம் இல்லாமல் கைக்கயிற்றில் கட்டி, பரிசலுக்குப் பின்னால் மிதக்கவிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். விரால் விழுந்ததாம்.

"தம்பி, அந்த ரப்பர் மீனு சேலத்துல எந்தக் கடைல கிடைக்கும்?"