சம்பளப் பிரிவில் இருந்து ‘ஜெர்மினல்’

பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் ‘ஜெர்மினல்’ நாவல் 1885-ல் புத்தகமாக வந்தது. வடக்கு பிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்கம், அங்கே ஒரு வேலைநிறுத்தம், அதன் தோல்வி. புரட்சி நாவல் என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு அதில் முதலில் கண்ணில் பட்டது கணக்குதான்.

சுரங்கக் கூரை சரியாமல் இருக்க, தொழிலாளிகளே மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. வெட்டிய கரிக்கு, வண்டிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அதனால் முட்டு வேலையை அரைகுறையாக முடித்துவிட்டுக் கரி வெட்டப் போகிறார்கள். கம்பெனி அபராதம் போட்டுப் பார்க்கிறது. அப்புறம் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறது: இனி முட்டு வேலைக்குத் தனிக் கூலி உண்டு, வண்டிக்கு 50 சென்டிம் (100 சென்டிம் ஒரு பிராங்க்) என்பது மட்டும் 40 ஆகும். குறைகிற 10 சென்டிமும் அந்தத் தனிக் கூலியில் அப்படியே ஈடாகிவிடும் என்று, யாருக்கும் புரியாத ஒரு கணக்கும் கூடவே இருக்கிறது.

எங்கள் இடத்திலும் ஒருமுறை இன்சென்டிவைப் பிரித்து, வருகைக்கு இவ்வளவு, தரத்துக்கு இவ்வளவு என்று ஆக்கினார்கள். ‘மொத்தத் தொகையில் மாற்றமில்லை’ என்று சர்க்குலரில் ஒரு வரி. மெஷின் ஷாப்பில் ஒரு அண்ணன் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, “மாற்றமில்லைன்னா எதுக்குத் தம்பி மாத்துறாங்க?” என்றார். ஸோலாவின் நோட்டீஸைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே சம்பள நாள். மாயு என்கிற தொழிலாளியின் குழுவுக்கு 135 பிராங்க் வருகிறது. சரியாகத்தான் இருக்கிறதா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். வேலையில்லாத நாட்கள், ஞாயிறுகள் என்று குமாஸ்தா ஒப்பிக்கிறார். முட்டு சரியில்லாததற்கு அபராதம் 20 பிராங்க் என்கிறார். கூலியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிலேயே போய்விட்டது. நம் ஊரில் 1936-ம் வருஷச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. அந்த வரம்பு எதற்கு என்று எனக்கு உறைத்தது இந்தப் பக்கத்தில்தான். குமாஸ்தா கெட்டவர் இல்லை. பட்டியலில் இருப்பதைப் படிக்கிறார், அவ்வளவுதான்.

1884-ல் வடக்கு பிரான்சின் ஆன்சான் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ஸோலா அங்கேயே போய், குழிக்குள் இறங்கிக் குறிப்பெடுத்தவர். அந்த உழைப்பு இந்த மாதிரி இடங்களில்தான் தெரிகிறது. மாயுவின் மகள் காதரீன், சுரங்கத் தொழிலாளி ஷவால், வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தும் எத்தியேன் ஆகியோரின் முக்கோணக் காதலை, உண்மையைச் சொன்னால், நான் பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

அந்த நோட்டீஸால் வெடிக்கிற வேலைநிறுத்தத்தில் கம்பெனிக்கும் கசப்பில்லை. சரக்கு தேங்கிக் கிடக்கிறது; ஆபத்துக்கு உதவும் என்று தொழிலாளிகள் சேர்க்கத் தொடங்கிய நிதி வளர்வதற்குள் கரைந்துவிட்டால் நல்லதுதான். முதலாளி யார் என்று எத்தியேன் கேட்டால் ஒரு கிழவர் தூரத்து இருட்டைக் காட்டுகிறார். பங்குதாரர்களில் நாம் பார்ப்பது கிரெகுவார் குடும்பத்தை. கொள்ளுத்தாத்தா போட்ட பணம், வருஷத்துக்குச் சுமார் 40,000 பிராங்க் வருமானமாக வீடு தேடி வருகிறது. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள், பிச்சைக்குத் துணி கொடுப்பார்கள், காசு கொடுக்க மாட்டார்கள்.

நடுவில் மாட்டுகிறவர் மேனேஜர் ஹென்போ. தன் வீட்டுக்கு வந்த தொழிலாளிகளிடம், நானும் உங்களைப் போல் சம்பளக்காரன்தான், மேலே சொல்வதைச் செய்கிறேன் என்கிறார். இதே பேச்சை எங்கள் மீட்டிங் அறையிலும் கேட்டிருக்கிறேன். கேட்ட அன்று சாக்கு என்று நினைத்தேன். ஹென்போ அதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை, ஆனாலும் அந்த 10 சென்டிம் திரும்பி வருவதில்லை. அவருக்கு மனைவியின் கள்ளக்காதல் என்று ஒரு துயரத்தை ஸோலா தனியாகச் சேர்த்திருக்க வேண்டியதில்லை; அவர் பார்க்கிற வேலையே போதும்.