ஓஇடி லிசனிங்: மருந்துப் பெயர்களை விடுங்கள், பாட்டி தாத்தாவைப் படியுங்கள்

போன வாரம் ஓஇடி ரிசல்ட் வந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போகும் நம்மைப் போன்ற மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வு அது. லிசனிங் 400, ஸ்பீக்கிங் 380, ரீடிங் 370, ரைட்டிங் 320. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்பது ரைட்டிங்கில் 300, மற்ற மூன்றிலும் 350. தப்பித்தேன். ரைட்டிங்குக்கு என்னிடம் டிப்ஸ் கேட்காதீர்கள், மார்க்கைப் பார்த்தாலே தெரியும். லிசனிங் பற்றி மட்டும் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

நோயாளி பேசுவதைக் கேட்டு நோட்ஸில் பிளாங்குகளை நிரப்பும் பார்ட் ஏ-க்கு எல்லாரும் மருந்துப் பெயர்களை உருப்போடுகிறார்கள். நாம் நர்ஸ்கள். மெட்ஃபார்மின் என்று யார் எந்த உச்சரிப்பில் சொன்னாலும் காது பிடித்துக்கொள்ளும். நம்மைக் கவிழ்ப்பது குடும்ப வரலாறு பகுதிதான். கையில் இருக்கும் நோட்ஸில் 'மெட்டர்னல் கிராண்ட்மதர்' என்று டாக்டர் பாஷையில் அச்சடித்திருக்கும். பேசுகிற நோயாளியோ 'மை நேன், மம்ஸ் சைட்' (என் பாட்டி, அம்மா வழி) என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நேன் என்பது யாரோ ஒரு பெண்ணின் பெயரா என்று நாம் யோசிப்பதற்குள் அடுத்த பிளாங்கும் கைவிட்டுப் போகும். ஆடியோ ஒரு தடவைதான்.

நான் போன கோச்சிங் சென்டரில் இதைக் கேட்டேன். "அதெல்லாம் வராதும்மா, டெம்ப்ளேட்டைப் பாரு" என்றார் அங்கே இருந்த சார். பரீட்சையில் என்ன வந்தது என்று வெளியே சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். அந்த சார் மட்டும் இதைப் படித்தால் சந்தோஷம்.

மாக் டெஸ்ட் வரிசையாகப் போட எனக்குப் பொறுமை கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மருத்துவமனைகள் யூடியூபில் போடும் நோயாளிகளின் பேட்டிகளைச் சமைக்கும்போது ஓடவிட்டேன். குடும்பச் சொல் காதில் விழுந்தால் நோட்டில் ஊரோடு சேர்த்து எழுதினேன். அந்த நோட்டிலிருந்து:

- அம்மா: பொதுவாக மம். வேல்ஸ், நியூகாஸில் பக்கம், அயர்லாந்து எல்லாம் மேம். நமக்கு மேம் என்றால் வார்டு இன்சார்ஜ், அதனால் காதைப் பழக்குங்கள். மாம் என்றால் உடனே அமெரிக்கா என்று முடிவுகட்ட வேண்டாம், பர்மிங்காமிலும் அப்படித்தான். அயர்லாந்தில் நரைத்த தலைக்காரரும் மாமி என்பார். அவர் சொல்வது மாமியை அல்ல, பெற்ற தாயை.
- பாட்டி: நேன், நானா, கிரான், கிரானி.
- தாத்தா: கிரான்டேட். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் கிரான்டா. ஆஸ்திரேலியாவில் பாப் என்பார்கள். ஓஇடி பிறந்த ஊரே ஆஸ்திரேலியா, அந்த உச்சரிப்பையும் விடாதீர்கள்.
- குழந்தை: ஸ்காட்லாந்திலும் நியூகாஸில் பக்கமும் பேர்ன். தீக்காயம் என்று எழுதிவிடாதீர்கள். கிளாஸ்கோ, வட அயர்லாந்தில் வேன். ஆஸ்திரேலியாவில் பப்.
- அவர் கிட் (our kid): மான்செஸ்டர், லிவர்பூல். 'எங்கள் குழந்தை' இல்லை! கூடப்பிறந்தவர். அறுபது வயது அண்ணனாகவும் இருக்கலாம்.
- அவர் லேஸ் (our lass): யார்க்‌ஷயர் பக்கம். மனைவி அல்லது காதலி.

இத்தனையும் பரீட்சைக்கு வருமா என்றால், வராது. மம், நேன், கிரான், பார்ட்னர் தாண்டினால் அதிகம். மிச்சமெல்லாம் அங்கே போய் வேலை பார்ப்பதற்கு. எனக்கு இரண்டு வருஷம் சீனியர் அக்கா ஒருத்தர் வடக்கு வேல்ஸில் இருக்கிறார். சேர்ந்த புதிதில் ஒரு பையன் பூவோடு வந்து நைனைப் பார்க்கணும் என்றிருக்கிறான். இவர் நேராக ஒன்பதாம் நம்பர் பெட்டுக்கு அழைத்துப்போய் விட்டார். அங்கே படுத்திருந்தவர் ஒரு தாத்தா. வடக்கு வேல்ஸில் பாட்டிதான் நைன், தாத்தா டைட். தெற்கே போனால் அதுவே மாம்கீ, டாட்கீ. இங்கிலீஷ் பேசும் வீடுகளிலும் இந்த வெல்ஷ் சொற்கள் அப்படியே புழங்குகின்றன.

இப்போது ஸ்பீக்கிங். நம்ம வார்டில் "அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் அப்பா வழி என்று அதிலேயே வந்துவிடும். கோயம்புத்தூர்க்காரர் அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. நேன், கிரான்டேட், ஆன்டி, அங்கிள் எதிலும் அந்தத் தகவல் கிடையாது. ஆகவே ரோல்-பிளேயில் (எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாக) நோயாளி ஆன்டிக்கு மார்பகப் புற்றுநோய் என்றால் 'ஓகே' என்று தாண்டாதீர்கள். அம்மா வழியா, அப்பா வழியா? ரத்த உறவா, கல்யாணத்தால் வந்த உறவா? எந்த வயதில் வந்தது? தகவல் சேகரிப்பு என்று ஒரு மதிப்பீட்டு அளவுகோல் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எனக்கு ஸ்பீக்கிங்கில் 380 வந்ததே இதனால்தான் என்று நம்புகிறேன். வேறு காரணமும் இருக்கலாம், போகட்டும்.

அப்புறம் சில:

- கசின் பிரதர், கோ-சிஸ்டர், ஓன் பிரதர் மூன்றையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். வெறும் கசின் போதும். ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டுமானால் கேளுங்கள்.
- எதிரில் இருப்பவர் வயதானவர் என்பதற்காக அங்கிள், ஆன்டி என்று வாயில் வரக்கூடாது. எப்படிக் கூப்பிடட்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.
- நோயாளி பார்ட்னர் என்றால் நீங்களும் பார்ட்னர். நீங்களாக ஹஸ்பெண்ட் ஆக்காதீர்கள்.
- நியூகாஸிலில் பெட், கிளாஸ்கோவில் ஹென், பர்மிங்காமில் பாப் என்று உங்களைச் செல்லமாகக் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொள்ளலாம், திருப்பிச் சொல்ல வேண்டாம்.

லிசனிங்கின் பார்ட் பி, சி பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தேன். நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டவர்களுக்கு: கையெழுத்து எனக்கே புரியாது, டைப் அடித்ததும் தருகிறேன். அடுத்து என்எம்சி பதிவுக்கான கம்ப்யூட்டர் தேர்வு, அதாவது சிபிடிக்குத் தேதி எடுக்கணும்.