பலகை வைத்தவர் மார்க் ட்வைன், மாட்டிக்கொண்டது நாங்கள்

நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்த ப்ராஜெக்ட்தான், ஆனால் மூன்று வாரம் எங்கள் வீட்டையே ஆட்டிவைத்துவிட்டது. நாங்கள் இருக்கும் அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸில் ஏதாவது ஒரு நினைவுப் பலகையைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய்ப் படம் எடுத்து, யாருக்காக, யார், எப்போது வைத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். தாளின் அடியில் பொடி எழுத்தில், ஒவ்வொரு தகவலுக்கும் பலகையைத் தவிர இன்னோர் ஆதாரம் காட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த வரியை நாங்கள் படிக்கவில்லை.

மகள் அமெரிக்கக் கவிஞர் யூஜின் ஃபீல்டைப் பிடித்துக்கொண்டாள். காரணம் 'விங்கன், பிளிங்கன் அண்ட் நாட்' பாட்டு. மூன்று பேர் மரச் செருப்பில் ஏறி மீன் பிடிக்கப் போவார்கள், மீனெல்லாம் நட்சத்திரம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதைப் போனில் தமிழில் சொல்லப்போய், "செருப்புல ஏறி யாராவது கடலுக்குப் போவாங்களாடி?" என்று அவர் சிரிக்க, இவள் விடாமல், "பாட்டி, விங்கனும் பிளிங்கனும் ரெண்டு கண்ணு, நாட்னா தூங்கி விழுற தலை, செருப்புதான் கட்டில்" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப தாலாட்டுன்னு சொல்லு" என்றார் அம்மா.

சவுத் பிராட்வேயில் 634ஆம் எண் வீடு. 1845இல் கட்டிய வரிசை வீடுகளில் இது ஒன்றுதான் மிச்சம். இன்று மியூசியம். பேஸ்பால் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது, நாங்கள் போனதோ மேட்ச் நாள். பார்க்கிங்குக்குக் கொடுத்த காசை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள். சரி, போனோம், படம் எடுத்தோம், அவள் அன்று இரவே எழுதி முடித்தாள்: "கவிஞர் யூஜின் ஃபீல்டு இந்த வீட்டில் பிறந்தார். 1902இல் எழுத்தாளர் மார்க் ட்வைனே நேரில் வந்து பலகையைத் திறந்து வைத்தார்."

இரண்டு நாளில் தாள் திரும்பி வந்தது. 'பிறந்தார்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி.

நான் கொஞ்சம் கோபமாகத்தான் தேட ஆரம்பித்தேன். மார்க் ட்வைன் சொன்னதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டுமாம்? தேடினால், ஆசிரியர் பக்கம்தான் நியாயம். ஃபீல்டு வேறு வீட்டில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவர். பிறந்தது இங்கே இல்லை என்று அவர் தம்பி ராஸ்வெலே சொல்லியும் ட்வைன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். போதாததற்குப் பிறந்த தேதியும் குழப்பம்: 1850 செப்டம்பர் 2 என்றும் சொல்கிறார்கள், 3 என்றும் சொல்கிறார்கள்.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு பலகைக்கு மாறலாமா என்று கேட்டாள். மாறியிருந்தால் இன்னொரு மேட்ச் நாள் வந்திருக்கும், அதனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மூன்று மாலை நூலகத்தில் கழிந்தது. அதில் எனக்குத்தான் லாபம். குழந்தைப் பாட்டுக்காரர் என்று மட்டும் நினைத்திருந்த ஆள், 1883 முதல் 1895இல் 45 வயதில் இறக்கும் வரை சிகாகோ பத்திரிகையில் 'ஷார்ப்ஸ் அண்ட் ஃபிளாட்ஸ்' என்ற கிண்டல் பத்தியை எழுதித் தள்ளியிருக்கிறார். அவருடைய அப்பா, அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட்டின் விடுதலைக்காக ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திய வக்கீல். வீட்டுக்குத் தேசிய அளவில் மதிப்பு கிடைத்ததே முக்கியமாக அந்த அப்பாவால்தான். எனக்கென்னவோ, பலகையில் முதலில் அவர் பெயரைத்தான் போட்டிருக்க வேண்டும் என்று படுகிறது.

கடைசியில் அவள் எழுதியது: "ஃபீல்டு சிறு வயதில் வாழ்ந்த வீடு இது. இங்கே பிறந்தார் என்று 1902இல் பலகை வைத்தார்கள், அது தவறு." பிறந்த தேதிக்கான கட்டத்தில் இரண்டு தேதியையும் நெருக்கி எழுதிவிட்டாள். இந்த முறை எங்கேயும் வட்டம் இல்லை.

ஆனால் மேட்ச் நாளன்று எடுத்த படத்தை 'கவிஞர் பிறந்த வீட்டில் பாப்பா' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான். திருத்தி மறுபடியும் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. பெரியப்பா பழையதையே இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டார்.