போன ஓட்டு திரும்பி வந்ததா? ஸ்காட்லாந்து லேபர் கட்சியின் கணக்கு

"41 சீட் வச்சிருந்த கட்சி எப்படி அண்ணாச்சி ஒத்த சீட்டுக்கு வந்துச்சு?" பிரிட்டன் செய்தி அடிபடும்போதெல்லாம் வண்ணாரப்பேட்டை டீக்கடைகளில் எழும் கேள்வி இது. பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கான ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் லேபர் 2010-ல் ஜெயித்தது 41. 2015-ல் எடின்பரோ தெற்கு மட்டும் மிஞ்சியது, தனிநாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 56-ஐ அள்ளிக்கொண்டது. நம்மூரில் உடனே 1967 காங்கிரஸைச் சொல்வார்கள். அது பாதிதான் பொருந்தும். காங்கிரஸ் இங்கே மறுபடி ஆட்சிக்கு வரவில்லை. லேபரோ, மறுவரையறையில் தொகுதிகள் 57 ஆகக் குறைந்த 2024 தேர்தலில் 37-ஐப் பிடித்தது.

அப்படியானால் போன ஓட்டு திரும்பிவிட்டதா? பெரும்பகுதி திரும்பவில்லை என்றே நினைக்கிறேன். சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஓட்டு போனதற்குக் காரணம் 2014 செப்டம்பர் 18 பொதுவாக்கெடுப்பு. தனிநாடு வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7. லேபரின் கோட்டையான கிளாஸ்கோவே 'வேண்டும்' என்றது. கட்சியோ தன் பழைய எதிரியான கன்சர்வேடிவ்களோடு ஒரே மேடையில் நின்று 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்தது. தலைமுறை தலைமுறையாக லேபருக்குப் போட்ட தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பெரிய மனத்தாங்கல். விலைவாசிக் கோபம் அடுத்த தேர்தலில் ஆறும், இது அப்படி ஆறவில்லை.

இனி கணக்கு. 2019-ல் தேசியக் கட்சிக்கு 12,42,380 ஓட்டு, 2024-ல் 7,24,758. ஐந்து லட்சத்துக்கு மேல் காணோம். லேபர் 5,11,838-லிருந்து 8,51,897-க்கு ஏறியது, கூடியது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அவ்வளவும் தேசியக் கட்சியிடமிருந்தே வந்தது என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் லட்சம் இடிக்கிறது. வாக்குப்பதிவு 68 சதவீதத்திலிருந்து 59-க்கு இறங்கியதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும்: பலர் கட்சி மாறவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இடைத்தேர்தல்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2023 அக்டோபரில் ரூதர்க்ளென் தொகுதியில் லேபர் 58.6 சதவீதம் வாங்கியது, பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் வாங்கிய ஓட்டு 17,845. 2019-ல் அதே தொகுதியில் தோற்றபோது வாங்கியது 18,545! எழுநூறு குறைந்தும் ஜெயித்தார்கள், ஏனென்றால் எதிராளியின் ஓட்டு 23,775-லிருந்து 8,399-க்குச் சரிந்தது. 2025 ஜூனில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கான ஹாமில்டன் இடைத்தேர்தலிலும் இதே கதை. 2021-ல் 33.6 சதவீதத்தோடு தோற்ற லேபர், 31.6 சதவீதத்தோடு ஜெயித்தது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே 602 ஓட்டுதான். 26.1 சதவீதத்தோடு வலதுசாரி ரிஃபார்ம் கட்சி மூன்றாவதாக நெருக்கியடித்து நின்றது.

ஆகவே வீடுவீடாகப் போகிறவர்கள் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: போன தடவை ஓட்டுப் போடாதவர், போட்டும் மாறினவர். முதலாமவரைக் கண்டுபிடிக்க அங்கே நல்ல வழி இருக்கிறது. நம்மூர் பூத் ஏஜென்ட் தன் பிரதியில் தானே டிக் அடித்துக்கொள்கிறார். அங்கே யார் வந்து ஓட்டுப் போட்டார் என்று குறித்த பட்டியலையே தேர்தல் முடிந்தபின் கட்சிகள் பணம் கட்டி வாங்கலாம், யாருக்குப் போட்டார் என்பது மட்டும் அதில் இராது. வீட்டில் இருந்தவரிடம் கொள்கை பேசிப் பயனில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு வாயை மூடிக் கேட்க வேண்டும். மாறினவரிடம் முதலில் தனிநாட்டுப் பேச்சை எடுப்பதுதான் வழக்கமான தப்பு. மருத்துவமனைக் காத்திருப்பு, வாடகை என்று தொடங்கினால் கதவு கொஞ்ச நேரமாவது திறந்திருக்கும்.

ஆட்சிக்கு வந்ததும் கைவைக்கும் இடமும் முக்கியம். 2024 ஜூலையில் லண்டன் லேபர் அரசு முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டியது. நிதி குறைந்ததால் அந்தக் குளிர்காலம் ஸ்காட்லாந்திலும் எல்லா முதியவருக்கும் அது கிடைக்கவில்லை. அடுத்த ஜூனில் பெரும்பாலோருக்குத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார்கள். பறித்தது நினைவில் நிற்கிறது, திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி வராது.

602 ஓட்டைச் சின்னது என்று நினைக்காதீர்கள். நம்ம ராதாபுரத்தில் 2016-ல் 49 ஓட்டில் முடிவானது, நிராகரித்த தபால் ஓட்டுகளைச் சொல்லி வழக்கே நடந்தது. அங்கேயும் தபால் ஓட்டில்தான் கவனம் வேண்டும். உறை இரண்டு. ஓட்டுச்சீட்டு சின்ன உறைக்குள் போகும். அந்த உறையும், கையெழுத்தும் பிறந்த தேதியும் எழுதிய உறுதிப் படிவமும் பெரிய உறைக்குள் போகும். பிறந்த தேதிக்கான கட்டத்தில் பலர் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள். அவ்வளவுதான், ஓட்டு செல்லாது. கதவைத் தட்டிப் போகிறவர் இந்த ஒரு கட்டத்தைச் சொல்லிவிட்டு வந்தாலே போதும்.

கிளாஸ்கோவில் பிள்ளைகள் படிக்கும் பாளையங்கோட்டைக் குடும்பங்களுக்கு ஒரு தகவல். இந்தியர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், செல்லுபடியாகும் மாணவர் விசாவோடு அங்கே வசிக்கும் 18 வயது நிரம்பியவருக்குப் பொதுத்தேர்தலிலும் ஓட்டு உண்டு. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்கு 16 வயதே போதும். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலைநாள் முன்பே பெயரைப் பதிந்துவிடச் சொல்லுங்கள்.