யோகட் கப்பில் ஒரு பவல்

எங்கள் வீட்டில் யோகட் கப்பை யாரும் குப்பையில் போடுவதில்லை. கழுவி குசினி யன்னலில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள், நான் வேலையால் வந்ததும் ஒவ்வொன்றாக அடியைத் திருப்பிப் பார்ப்பேன். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் என் பெட்டிக்கு, 5 என்று இருந்தால் அம்மாவின் மிளகாய்க் கன்றுக்கு. 6 என்றால் பொலிஸ்டைரீன். கடையில் பெட்டியில் துண்டு துண்டாக வருகிற, நாமே ஒட்டிச் சேர்க்கிற மொடல் கிற்றுகளும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான். ஒரு துளி தின்னர் பட்டால் மேற்பரப்பு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு பிரிக்கவே முடியாது. 5 பொலிபுரொப்பிலீன், அதை எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. இது தெரியாமல் ஒரு வருடம் முழுக்க ஒட்டியதெல்லாம் கழன்று விழுந்தது. (தின்னரை யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் பாவியுங்கள், மூடிய அறைக்குள் வேண்டாம்.)

பத்து வருடமாக இப்படி வீட்டுக் கழிவில் இராணுவ வாகனங்களின் சின்ன மொடல்கள் செய்கிறேன். கிற் வாங்குவதில்லை. முதலில் காசு இருக்கவில்லை, இப்போது காசு இருந்தாலும் மனம் வருவதில்லை. எல்லாம் 1/35 அளவு. அதாவது உண்மையான வாகனத்தின் நீளம், அகலம், உயரம், ஆணித் தலை வரைக்கும் எல்லாவற்றையும் 35 ஆல் பிரிக்க வேண்டும். ஐந்தடி எட்டங்குல ஆள் ஐந்து சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வருவார். இந்த 35 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா மொடல் நிறுவனம் பாந்தர் டாங்கியின் மொடல் ஒன்றைச் செய்தபோது உள்ளே பற்றரி வைக்க இடம் வேண்டும் என்பதற்காக ஒரு பருமனைப் பிடித்தார்களாம். பிறகு அளந்து பார்த்தால் உண்மையான டாங்கியில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு. அதற்குப் பிறகு வந்த மற்ற டாங்கிகளையும் அதே அளவில் செய்ய, உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. கையில் இருந்த பற்றரிக்கு ஏற்ப டாங்கி! நான் போத்தல் மூடியைச் சில்லாக வைத்து அதற்கு ஏற்ப வாகனம் தேடுவதும் அதே வழிதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூடி என்றதும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் இறங்கிய பிறகு வீட்டில் எந்தச் சாமானையும் அதன் பெயரால் பார்க்க முடிவதில்லை, விட்டத்தால்தான் பார்க்கிறேன். டி-55 டாங்கியின் பீரங்கிக்கு உள்விட்டம் 100 மில்லிமீற்றர், 35 ஆல் பிரித்தால் 2.9. குமிழ்முனைப் பேனையின் ரீபில் கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர். அந்த ரீபில் இறுக்கமாக நுழைகிற குழாய் எதுவோ அதுதான் பீரங்கிக் குழல். அதே டாங்கிக்கு ஒரு பக்கத்தில் ஐந்து சில்லு, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி கூட. அந்தக் கூடுதல் இடைவெளி இல்லாமல் ஐந்தையும் சமமாக அடுக்கினால் பார்க்கிறவருக்கு என்ன பிழை என்று தெரியாது, ஆனால் ஏதோ பிழை என்று தெரியும்.

நான் முதலில் செய்தது வில்லிஸ் ஜீப். அப்பப்பா திருகோணமலை டொக்யார்ட்டில் வேலை செய்தவர், 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளிக்கும் வரைக்கும் இருந்தவர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதையும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்து நாட்கணக்காகப் புகை எழுந்ததையும் சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். அதனால் அந்தக் காலத்து வாகனம் ஒன்றில் தொடங்கினேன். 3.36 மீற்றர் நீளம், ஆகவே 9.6 சென்ரிமீற்றர். பால்மாப் பெட்டி மட்டையில் உடல், முகப்பில் ஒன்பது நெடுங்கீறல், அதை பிளேட்டால் வெட்ட மட்டும் மூன்று இரவு. முன் லைற்றின் கண்ணாடிக்கு அம்மாவின் பிரஷர் குளிசை அட்டை. ஒவ்வொரு குளிசையும் இருந்த அந்தக் குமிழை வெட்டி எடுத்தால் 5 மில்லிமீற்றரில் அச்சொட்டான லைற்.

கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டினேன். மார்கழி மழையில் மட்டை ஊதியது, மிச்சத்தைக் கரப்பான் தின்றது. புத்தகம் கட்டுகிற ஒருவர்தான் பிறகு பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடச் சொன்னார். இப்போது மட்டை வேலையெல்லாம் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில்தான். அந்தச் சூட்டுக் காற்றில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மாரியில் பிளாஸ்டிக் வேலை.

சரி, பவல் கதைக்கு வருகிறேன்.

வடக்கு கிழக்கில் எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: போர்க் காலத்தில் இலங்கை இராணுவம் சிப்பாய்களை ஏற்றித் திரிந்த கவச வாகனம். சரியான பெயர் பஃபல், தென்னாபிரிக்க ஆபிரிக்கான்ஸ் மொழியில் எருமை. எங்கள் வாயில் பவல். 1970களின் கடைசியில் தென்னாபிரிக்கர் தங்கள் எல்லைப் போருக்காக யூனிமொக் லொறியின் அடிச்சட்டத்தில் கட்டியது, 80களில் இங்கே வந்தது. அடிப்பகுதி தட்டையாக இருக்காது, வள்ளத்தின் அடி மாதிரி V வடிவம். கீழே கண்ணிவெடி வெடித்தால் அந்த வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போக வேண்டும் என்பதற்காக. முன்னால் இடப்பக்கம் சாரதி தனியாக ஒரு கூட்டுக்குள், வலப்பக்கம் எஞ்சின், அதனால் முகம் கோணலாக இருக்கும். பின்னால் திறந்த பெட்டிக்குள் பத்துப் பேர், முதுகோடு முதுகாக, வெளியே பார்த்தபடி.

பள்ளிக்கூடம் போகும்போது அது வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி வீதியோரத்தில் நிற்போம். ஏழு வயதில் என் கண்மட்டத்தில் இருந்தது அதன் வயிறுதான். உள்ளே இருந்தவர்களின் முகம் எனக்கு நினைவில் இல்லை, அந்தச் சரிவில் காய்ந்த சேறு நினைவில் இருக்கிறது. அதனால்தான் இதை மற்ற எதையும் விடச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது.

5.1 மீற்றர் நீளம் 14.6 சென்ரிமீற்றர் ஆனது, உயரம் 8.5. அந்த V மடிப்புக்கு நான்கு பெட்டி வீணாகியது. மட்டைக்கும் இழையோட்டம் உண்டு. இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடித்தால் கத்தி விளிம்பு மாதிரி நேராக வரும், குறுக்கே மடித்தால் தோல் வெடித்துவிடும். சில்லுக்குத் தண்ணீர்ப் போத்தல் மூடி. 3 சென்ரிமீற்றர், மேலே சைக்கிள் ரியூப் ஒரு சுற்று ஒட்டினால் 3.2, உண்மையான ரயர் ஒரு மீற்றருக்குச் சற்று மேல், கணக்கு அப்படியே பொருந்தியது. பச்சை எனாமலில் குழந்தைப் பவுடர் கலந்து மினுக்கத்தைக் குறைத்தேன். சேற்றுக்கு வாசல் புழுதி.

முடித்து ஹோலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா பார்த்தார். "இதைப் போய் ஏன்டா செய்தனீ? உள்ளுக்கு எடுத்து வை" என்றார். எடுத்து வைத்தேன். ஜீப்பையும் டாங்கியையும் வைத்தபோது ஒன்றும் சொல்லாதவர்.

இரண்டு கிழமை கழித்து, குளிசை முடிந்த அட்டையைத் தர என் அறைக்கு வந்தவர், மேசையில் இருந்த பவலைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கப் பலகை கீழ விழாதோ?"

யோகட் கப் பிளாஸ்டிக்கில் வெட்டி அசையாமல் ஒட்டிவிட்டிருந்தேன். பின்பெட்டியின் இரண்டு பக்கத் தகடும் பிணைச்சலில் கீழே மடியும், அதைத் தாழ்த்திவிட்டுத்தான் ஆட்கள் குதிப்பார்கள், எனக்கும் படங்களில் பார்த்துத் தெரியும். சின்ன வேலை என்று விட்டிருந்தேன்.

"அது விழும்" என்றார் அம்மா. "ராவில எங்கட ஒழுங்கை முகப்பில வந்து நிக்கும். எஞ்சின் சத்தம் கேக்கேக்க பயமில்லை, போனாலும் போயிடும். அந்தப் பலகை விழுற சத்தம் கேட்டால்தான் இறங்கப் போறாங்கள் எண்டு தெரியும். கொப்பாவை எழுப்புவன்."

இதை அவர் எனக்கு முதல் தடவையாகச் சொல்கிறார். அந்த இரவுகளில் நான் பக்கத்துப் பாயில் நித்திரை.

அன்றைக்கே இரண்டு பக்கத்தையும் பிளேட்டால் அறுத்தெடுத்தேன். பழைய சார்ஜர் வயரை உரித்து, உள்ளே இருந்த செப்புக் கம்பியை ஈர்க்கில் சுற்றி ஒரு பக்கத்துக்கு நான்கு பிணைச்சல், ஒவ்வொன்றும் 2 மில்லிமீற்றர். மூன்று நாள் எடுத்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுட்டுவிரலால் மெல்லத் தட்டினார், பலகை மடிந்து விழுந்தது. மறுபடி நிமிர்த்திவிட்டு மறுபடி தட்டினார்.

"சத்தம் வரேல்லை" என்றார். "அது இரும்பு."

யோகட் கப் பிளாஸ்டிக்கில் எப்படிச் சத்தம் வரும்? ரின்மீன் பேணித் தகட்டை அறுத்து அந்த இரண்டு பலகையையும் இப்போது திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். 14 மில்லிமீற்றர் உயரத்தில் அந்தத் தகடு நேராக நிற்க மாட்டேன் என்கிறது. சுருண்ட பேணியைத் தட்டையாக்க, துணி சுற்றிய அம்மியில் வைத்துக் குழவியை உருட்டினால் சரிவரும் என்று அம்மா சொல்கிறார்.