வல்லாரையும் வெள்ளெலியும்

மருந்தியல் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடமே என்னிடம் வந்தது வல்லாரை. பரீட்சை சமயத்தில் அம்மா துவையல் அரைத்துத் தட்டில் வைப்பாரே, அதே கீரைதான். அது படபடப்பைத் தணிக்கிறதா என்று சுண்டெலியில் பார்க்க வேண்டும். இலை சரியான இலைதானா என்று உறுதி செய்யவே நாளாகிவிட்டது. பிரம்மி என்று கேட்டால் வடக்கே பல இடங்களில் வல்லாரையைத் தருவார்கள், கேரளத்தில் நீர்ப்பிரம்மியைத் தருவார்கள், இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள்.

சோதனை மேடை கூட்டல் குறி போல இருக்கும். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்ப்போம். பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும், பயம் தணிந்தது வெளியே வரும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்குப் படபடப்பைத் தணிக்கும் மருந்தான டயஸிபாம், இன்னொன்றுக்கு மருந்தில்லாத கரைசல். ஒவ்வொரு எலிக்குப் பிறகும் மேடையை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும், முன்னது விட்டுப்போன வாசனையே அடுத்ததை மிரட்டிவிடும். அந்த மாதங்களில் நான் தலையில் மல்லிகைகூட வைக்கவில்லை.

வல்லாரையை அதிக அளவு கொடுத்த எலிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. எவ்வளவு அமைதி பாரு என்று கூட இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சுவர் உள்ள கைகளுக்குள் போய்வருவதும் சேர்ந்தே குறைந்திருந்தது, அப்படியென்றால் அது பயம் தெளிந்த எலி இல்லை, தூங்கி வழிகிற எலி. நடமாட்டத்தைத் தனியாக அளந்து பார்த்தபோதும் அதேதான். குறைந்த அளவு கொடுத்த குழுவில்தான் நான் தேடியதைப் பார்த்தேன். ஒரு எலி திறந்த கையின் நுனிவரை நடந்துபோய், விளிம்பில் முன்கால்களை ஊன்றி, தலையைக் கீழே நீட்டித் தரையைப் பார்த்தது, மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சரி, என் கண்ணும் ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கலாம் என்று, எந்த எலிக்கு எது கொடுத்தோம் என்று தெரியாத ஒருவரை வைத்து எல்லாவற்றையும் மறுபடி எண்ணச் சொன்னேன். மூன்று வாரம் கூடுதலாகப் போனது. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

அப்புறம் ஒருநாள், வல்லாரை சாப்பிட்டால் படபடப்பு போய்விடுமா என்று அம்மாவே கேட்டார். 2000இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னேன். நலமாக இருந்த 40 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 கிராம் வல்லாரை கொடுத்தபோது, திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்தது, மனநிலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. துவையல் தாராளமாக அரைம்மா, டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே என்றேன்.